ரோமானியர் கோதுமையைத் தின்ற துரு நோய்

ரோம் நகரத்திலிருந்து ஐந்தாவது மைல்கல் பக்கத்தில் ஒரு தோப்பு இருந்தது. வருடாவருடம் ஏப்ரல் 25ஆம் தேதி வெள்ளை உடுத்திய கூட்டம் ஒன்று அங்கே போகும். முன்னால் குவிரினஸ் என்ற தெய்வத்தின் பூசாரி, அவரிடம் ஒரு துண்டு, கிண்ணத்தில் மது, சின்னப் பெட்டியில் சாம்பிராணி. கூடவே ஒரு ஆடும் ஒரு நாயும். இரண்டையும் பலியிட்டுக் குடலை நெருப்பில் போட்டுவிட்டு, பூசாரி ஒரு தெய்வத்திடம் கெஞ்சுவார்: பயிரைத் தொடாதே, உன் சொரசொரப்பான கையை எங்கள் தானியத்திலிருந்து எடுத்துவிடு, வேண்டுமானால் வாளையும் ஈட்டியையும் போய்த் தின்னு. கவிஞர் ஒவிட் இந்த ஊர்வலத்தை வழியில் எதிர்ப்பட்டதாகச் சொல்லி இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தெய்வத்துக்கு ரொபிகோ என்று பெயர், சிலர் ஆண்பாலில் ரொபிகஸ் என்பார்கள். விழாவின் பெயர் ரொபிகாலியா. அன்றைக்கு ஓட்டப் பந்தயமும் உண்டு.

கோதுமையில் வரும் துரு நோய்தான் ரொபிகோ. நல்லது செய்கிற தெய்வத்தைக் கும்பிடுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான், ஆனால் ஒரு பயிர் நோயையே தெய்வமாக்கி, அதற்கென்று தோப்பும் பூசாரியும் அரசாங்க நாட்காட்டியில் ஒரு நாளும் ஒதுக்கிய சமூகம் அந்த நோயிடம் எவ்வளவு அடி வாங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நூமா அரசர் தன் ஆட்சியின் 11ஆம் ஆண்டில் இந்த விழாவை ஏற்படுத்தினார் என்கிறார், முதலாம் நூற்றாண்டில் இயற்கை பற்றிய கலைக்களஞ்சியம் எழுதிய பிளினி. நூமா பாதிக்கு மேல் புராண மனிதர், ஆகவே அந்த ஆண்டுக் கணக்கை விட்டுவிடலாம். விழா மிகப் பழையது, அவ்வளவு போதும்.

நோய் அதைவிடப் பழையது. இஸ்ரேலில் டெல் பட்டாஷ் என்ற இடத்தில் அகழாய்வில் கிடைத்த, சுமார் 3300 ஆண்டுகள் பழைய கோதுமை உமித் துணுக்குகளில் தண்டுத் துருப் பூசணம் ஒட்டியிருந்ததை 1982இல் கண்டுபிடித்து எழுதினார்கள். ரோம் என்ற ஊரே இல்லாத காலம் அது.

சரி, இந்த நோய் என்னதான் செய்கிறது? புக்கீனியா என்ற பூசண வகைகள் இதற்குக் காரணம். கோதுமையில் மூன்று விதமாக வரும், தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு. காற்றில் வந்து விழுகிற பூசண வித்து, இலை மேல் பனித்துளி இருந்தால் முளைக்கும், இலைத்துளை வழியாக உள்ளே இறங்கும், செடி தயாரிக்கிற சத்தை அங்கேயே உட்கார்ந்து உறிஞ்சும். ஒன்றிரண்டு வாரத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு செம்பழுப்புக் கொப்புளம் வெடிக்கும். அந்த நிலையில் வயலுக்குள் நடந்தால் கால்சட்டையெல்லாம் செம்பொடி அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு கொப்புளத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான வித்துகள் மறுபடி காற்றில் கிளம்பும். கிழிந்த தோல் வழியாகச் செடியின் ஈரமும் போய்விடும், கதிருக்குப் போக வேண்டிய சத்து போகாது, மணி பிடிக்காமல் சுருங்கிப்போகும், தண்டில் வந்தால் பயிரே சாய்ந்துவிடும். அறுவடைக்கு மூன்று வாரம் முன்புவரை அமோகமாகத் தெரிந்த வயல் களத்துக்கு வரும்போது வெறும் பதராக இருக்கும். இந்தக் கடைசி நேரத் துரோகம்தான் ரொபிகோவை இவ்வளவு பயங்கரமானதாக ஆக்கியது. வறட்சியென்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும், மனசைத் தயார் செய்துகொள்ளலாம். இது கதிர் வந்த பிறகு வந்து பறிக்கும்.

இழப்பு எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போடலாம். விவசாய நூல் எழுதிய ரோமானியர் வார்ரோ சொல்கிறபடி ஒரு யூகெரும் நிலத்துக்கு ஐந்து மோடியஸ் கோதுமை விதைப்பார்கள். யூகெரும் என்பது நம் கணக்கில் சுமார் 62 சென்ட், ஐந்து மோடியஸ் என்பது ஏறக்குறைய 33 கிலோ. இத்தாலியின் பெரும்பகுதியில் விதைத்ததற்கு நாலு மடங்கு கிடைத்ததாகவே நினைவில்லை என்று இன்னொரு விவசாய நூலாசிரியர் கொலுமெல்லா முதலாம் நூற்றாண்டில் புலம்புகிறார். (வார்ரோ சில இடங்களில் பத்து, எட்ரூரியாவில் பதினைந்து மடங்கு என்கிறார், ஆகவே ஊருக்கு ஊர் வித்தியாசம் பெரிது.) நாலு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு விதைத்தால் நாலு பங்கு, அதில் ஒன்றை அடுத்த வருட விதைக்கு எடுத்து வைத்தால் மிச்சம் மூன்று. துரு வந்து பாதியைத் தின்றுவிட்டால் கையில் இரண்டு பங்கு, விதைக்கு ஒன்று போக வீட்டுக்கு ஒன்று. அதாவது விளைச்சல் பாதியாகும்போது சாப்பாடு மூன்றில் ஒன்றாகிவிடுகிறது. குத்தகையும் கடனும் இன்னும் கணக்கில் வரவில்லை. மடங்கு குறைவாக இருக்கிற விவசாயத்தில் ஒவ்வொரு நோயும் இப்படித்தான் அடிக்கும், விதை நெல்லில் கை வைக்கிற நிலைமை வரும், அது அடுத்த வருடத்தையும் சேர்த்துத் தின்னும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நாய்ப் பலியைப் பார்த்ததும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பலி எதையும் தடுக்கவில்லை, அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் அதைச் சுற்றியிருக்கிற விவரங்களைப் படித்தால், வயலில் நின்று பயிரைக் கூர்ந்து பார்த்தவர்களின் அறிவு அதில் உறைந்து கிடப்பது தெரிகிறது. ரோமில் நாய் சம்பந்தப்பட்ட இன்னொரு சடங்கும் இருந்தது. அதற்குத் தேதி குறிப்பது பற்றிக் குருமார்களின் குறிப்பேட்டில் இருந்த விதியைப் பிளினி எடுத்துத் தருகிறார்: கதிர் உறைக்குள் வந்த பிறகு, ஆனால் உறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பு நாள் குறிக்க வேண்டும். நம் ஊரில் தொண்டைக் கதிர் என்போமே, அதே பருவம்! இன்றைக்கும் கோதுமை விவசாயி துரு வந்திருக்கிறதா என்று இலையைப் புரட்டிப் பார்க்க ஆரம்பிக்க வேண்டிய பருவம் அதுதான். மேல் இலையைக் காப்பாற்றினால் மணி பிடிக்கும், அங்கே துரு ஏறிவிட்டால் முடிந்தது. ஏப்ரல் 25 என்ற தேதியும் அப்படித்தான். மத்திய இத்தாலியில் கோதுமை கதிர் விட ஆரம்பிக்கும், பகலில் வெயில் ஏறும், இரவில் இன்னும் பனி கொட்டும். நோய்க்கு இதைவிட வசதியான வாரங்கள் கிடையாது. நாட்காட்டியில் இந்த நாளைக் குறித்தவர்களுக்குப் பூசணம் தெரியாது, பயிர் தெரிந்திருந்தது.

எங்கே வரும் என்பதும் தெரிந்திருந்தது. கிரேக்கத் தாவர அறிஞர் தியோஃபிராஸ்டஸ் ரோமானியர்களுக்கு முன்பே எழுதிவிட்டார், உயரமான, காற்றோட்டமான நிலத்தில் துரு குறைவு, பள்ளமான காற்றில்லாத நிலத்தில் அதிகம் என்று. பிளினியும் அதையே சொல்கிறார்: பனி நிறைந்த இடங்களிலும், காற்று புகாத பள்ளத்தாக்குகளிலும்தான் இது அதிகம் வரும், காற்றடிக்கிற மேட்டு நிலங்கள் தப்பிக்கும். இது நூற்றுக்கு நூறு சரி. காற்றடித்தால் இலை சீக்கிரம் காய்ந்துவிடும், ஈரம் சில மணி நேரம் தங்கினால்தான் வித்து முளைத்து உள்ளே போக முடியும். தியோஃபிராஸ்டஸ் இன்னொன்றும் கவனித்தார், தானியங்களுக்குள்ளேயே வாற்கோதுமையில், அதிலும் குறிப்பிட்ட ஒரு ரகத்தில், நோய் கூடுதல். ரகத்துக்கு ரகம் எதிர்ப்புத் திறன் வேறுபடும் என்பதன் முதல் கோடு அது.

காரணம் என்ன என்பதில் பிளினி ஒரு சண்டையே போடுகிறார். அவர் காலத்தில் பெரும்பாலோர் சொன்னது, இலை மேல் இருக்கிற பனித்துளியைக் கடும் வெயில் சுடுகிறது, அந்தச் சூடுதான் செந்நிறமாகத் தெரிகிறது என்று. பிளினி அதை மறுக்கிறார். வெயிலுக்குச் சம்பந்தமில்லை, இது இரவில் நடக்கிறது, சூரியன் ஏறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது, குளிர்தான் காரணம், அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான் வருகிறது என்கிறார். நிலவை விட்டுவிடுங்கள். இரவு, பனி, குளிர்ச்சி என்று அவர் அடுக்கியது உண்மைக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் பனி நன்றாக இறங்கும், அப்படிப்பட்ட இரவில் நிலவு பளிச்சென்று தெரியும், பார்த்தவர்கள் நிலவையும் நோயையும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். சுவாரசியம் என்னவென்றால், எதிர்க்கட்சியும் முழுக்கத் தவறில்லை. தண்டுத் துருவின் வித்து இருட்டில் ஈரத்தில் முளைத்தாலும், செடிக்குள் நுழைகிற கட்டத்துக்கு வெளிச்சமும் இளஞ்சூடும் தேவைப்படுகிறது. இரண்டு தரப்பும் ஒரே நிகழ்வின் முன்பாதியையும் பின்பாதியையும் பார்த்திருக்கின்றன.

அவர்களால் எட்ட முடியாதது, நோய் ஒரு உயிர் என்ற இடம். இத்தனைக்கும் வார்ரோ பக்கத்தில் வந்து நின்றார். சதுப்பு நிலத்தருகே பண்ணை வீடு கட்டாதே, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உயிர்கள் அங்கே வளர்ந்து, காற்றில் வந்து, வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடம்புக்குள் போய்க் கடுமையான நோய்களை உண்டாக்கும் என்று கி.மு. முதலாம் நூற்றாண்டில் எழுதியவர் அவர். அதே நூலின் தொடக்கத்தில், துரு பயிரைக் கெடுக்காமல் இருக்க ரொபிகஸை வணங்குகிறார். மனித உடம்புக்குச் சொன்னதைக் கோதுமைக்கும் சொல்ல அவருக்கு ஒரே ஒரு எட்டு பாக்கி இருந்தது. அந்த எட்டை எடுத்து வைக்க நுண்ணோக்கி வேண்டியிருந்தது. 1767இல் அதே இத்தாலியில் ஃபெலிச்சே ஃபொன்டானாவும் ஜொவான்னி தார்ஜியோனி தொட்செத்தியும் துருவை நுண்ணோக்கியில் பார்த்து, இது கோதுமை மேல் வாழ்கிற ஒட்டுண்ணி என்று தனித்தனியாக எழுதினார்கள். 1865இல் ஜெர்மானியரான டி பாரி, தண்டுத் துருவின் வாழ்க்கையில் பாதி, பார்பெர்ரி என்கிற முள் புதரின் மேல் நடக்கிறது என்று நிரூபித்தார். பார்பெர்ரி இத்தாலியில் இயல்பாக வளர்கிற செடி. கோதுமை வயல் ஓரத்திலேயே நின்றாலும் ரோமானியர்களின் கையேடுகள் எதிலும் அது குற்றவாளியாக வரவில்லை.

ரகங்கள் விஷயத்தில் இன்னொரு முக்கியமான மாற்றம் நடந்தது. பழைய ரோமானியர்களின் தானியம் ஃபார். உமியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற எம்மர் கோதுமை அது, நம் ஊர்க் கடைகளில் சம்பா கோதுமை என்று விற்பதும் இதே இனம்தான். ஃபார்தான் எல்லாவற்றிலும் உறுதியானது, குளிரைத் தாங்குவது என்கிறார் பிளினி. ஆனால் ரொட்டிக்கு உமி உதிரும் கோதுமையே வசதி, அதனால் நாளடைவில் ஃபார் பின்னால் தள்ளப்பட்டது, திருமணச் சடங்கிலும் பலியிலும் நிலைத்தது. எம்மர் எல்லாமே துருவைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் எட்கர் மெக்ஃபாடன் ஒரு எம்மரை ரொட்டிக் கோதுமையோடு ஒட்டுக் கலந்து, தண்டுத் துருவைத் தாங்கும் ஹோப் என்ற ரகத்தை உண்டாக்கினார், அதிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணு இன்றும் உலகமெங்கும் கோதுமையில் வேலை செய்கிறது. இந்தியாவின் கப்லி எம்மரிலிருந்தும் அப்படி மரபணுக்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. தென்னிந்தியக் கோதுமைக்குத் துரு வருவதே நீலகிரி, பழனி மலைகளிலிருந்துதான் என்று இந்தியத் துரு நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா காட்டியிருக்கிறார், அங்கே ஆண்டு முழுதும் பூசணம் உயிரோடு இருக்கிறது. நீலகிரியில் இருக்கிற வெலிங்டனில் கோதுமை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருப்பதற்கும் இந்தத் துருவுக்கும் தொடர்பு உண்டு.

அப்புறம், கையில் இருந்த வைத்தியம் என்ன? விதை நேர்த்தி இருந்தது. விதையை மதுவில் நனைத்து விதைத்தால் நோய் குறையும் என்று நம்பினார்கள். சலவைச் சோடா மாதிரியான ஒரு உப்பிலும், ஆலிவ் எண்ணெய் பிழிந்த பின் வடிகிற கறுப்புக் கசட்டு நீரிலும் விதையை நனைப்பவர்களைத் தானே பார்த்ததாகக் கவிஞர் வெர்ஜில் எழுதுகிறார். அந்தக் கசட்டு நீருக்கு அமுர்கா என்று பெயர். பழைய ரோமானிய விவசாய நூலாசிரியர் கேட்டோ அதைக் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சிபாரிசு செய்கிறார். தானியக் களஞ்சியத்தின் சுவரில் அமுர்காவும் மண்ணும் பதரும் குழைத்துப் பூசினால் வண்டும் எலியும் வராது என்கிறார். திராட்சைக் கொடியை நாசமாக்குகிற புழுவுக்கு அவர் தரும் மருந்து இன்னும் விசேஷமானது: அமுர்காவைச் சுண்டக் காய்ச்சி, அதோடு நிலக்கீலும் கந்தகமும் சேர்த்து மறுபடி காய்ச்ச வேண்டும், வெட்டவெளியில்தான் காய்ச்ச வேண்டும், கூரைக்குள் காய்ச்சினால் தீப்பிடித்துக்கொள்ளும், பிறகு கொடியின் தலையைச் சுற்றியும் கவைகளுக்கு அடியிலும் தடவ வேண்டும். கூரைக்குள் காய்ச்சாதே என்ற அந்த வரியைப் படிக்கும்போது, யாரோ எங்கேயோ கொட்டகையை எரித்துக்கொண்ட பிறகுதான் இது எழுதப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும். கந்தகம் இன்றைக்கும் திராட்சைத் தோட்டங்களில் சாம்பல் நோய்க்குப் பயன்படுகிறது, கேட்டோ அதைப் புழுவுக்குத்தான் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

துருவுக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. வயலில் லாரல் மரக்கிளையை நட்டு வைத்தால் துரு அந்த இலைக்கு மாறிவிடும் என்கிறார் பிளினி. மாறாது, கோதுமைத் துரு லாரலில் பிழைக்காது. பயம் வரும் இரவில் காய்ந்த கொடிகளையும் பதரையும் பிடுங்கிய களைகளையும் வயலில் கொளுத்து, புகை குணப்படுத்தும் என்கிறார். அது உறைபனிக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாம். தினைப் பயிருக்கு ஒரு தேரையை இரவில் வயலைச் சுற்றிக் கொண்டுபோய், மண்பானையில் வைத்து நடுவில் புதைக்க வேண்டுமாம், அறுவடைக்கு முன் மறக்காமல் தோண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நிலம் கசந்துவிடும். வேறு வழி இல்லாதவர்கள் பிடித்துக்கொண்ட வழிகள் இவை.

எது நோய் என்ற வரையறையே அவர்களிடம் வேறு மாதிரி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ரொபிகோ, ஊரெடோ, கார்பங்குலஸ் என்று அவர்கள் சொல்கிற பெயர்களை இன்றைய நோய்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்த முடியாது, பூசணமும் பனிக்கருகலும் வெயில் கருகலும் அதில் கலந்து கிடக்கும். மரங்களுக்குப் பசி, செரிமானக் கோளாறு, கைகால் வலி எல்லாம் வரும் என்றார்கள். காட்டு ஓட்ஸ்தான் தானியத்தின் முதல் நோய், வாற்கோதுமையே கெட்டு அதுவாக மாறுகிறது என்றார்கள். கோதுமையோடு முளைக்கிற லோலியம் என்ற களையும் நோய்ப் பட்டியலில் சேர்ந்தது. அதன் விதை மாவில் கலந்தால் தலை சுற்றும். ஆசியாவிலும் கிரேக்கத்திலும் குளியல் கூடங்களில் கூட்டத்தைக் கலைக்க நினைத்தால், கூடக்காரர்கள் இந்த விதையைத் தணலில் போடுவார்களாம். அந்த விதைக்குள்ளேயே ஒரு பூசணம் குடியிருப்பதை 1898இல்தான் கண்டார்கள்.

காரணம் தெரியாத இழப்பு வரும்போது பழி மனிதர்கள் மேல் விழும். கி.மு. 451-450இல் தொகுத்த பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே, மந்திரம் போட்டுப் பிறர் பயிரைக் கெடுப்பது குற்றம். ஃபூரியஸ் கிரெசிமஸ் என்று ஒருவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். அவருடைய சின்ன நிலத்தில், பக்கத்துப் பெரிய பண்ணைகளைவிட அதிகம் விளைந்தது. மந்திரம் வைத்து எங்கள் விளைச்சலை இழுத்துக்கொள்கிறான் என்று வழக்குப் போட்டார்கள். தீர்ப்பு நாளன்று அவர் மன்றத்துக்குத் தன் பண்ணையையே கொண்டுவந்து நிறுத்தினார்: நன்றாக உண்டு உடுத்திய திடமான ஆட்கள், நேர்த்தியாக அடித்த இரும்புக் கருவிகள், கனமான மண்வெட்டிகள், எடை மிகுந்த கொழுக்கள், கொழுத்த எருதுகள். இவைதான் என் மந்திரங்கள், என் இரவு வேலையையும் கண்விழிப்பையும் வியர்வையையும் மட்டும் இங்கே கொண்டுவந்து காட்ட முடியவில்லை என்றார். ஒரு வாக்குகூட எதிராக விழாமல் விடுதலையானார். இவர் தப்பித்தார், சரி, ஆனால் இந்தக் குற்றச்சாட்டு நீதிமன்றம் வரை போக முடிந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. மோசமான அறுவடை வந்த வருடத்தில், கருவிகளும் எருதுகளும் இல்லாத ஒரு ஏழை எதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பான்?

கேட்டோவின் நூலில் நிலத்தைச் சுற்றி வந்து மார்ஸ் தெய்வத்திடம் சொல்ல வேண்டிய வேண்டுதல் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நோய்களையும் தெரியாத நோய்களையும் விலக்கு என்று அதில் கேட்கிறார்கள். அந்த ஏப்ரல் 25ஐக் கிறிஸ்தவ ரோமும் விடவில்லை, பயிருக்காக வேண்டிக்கொள்ளும் பெரிய மன்றாட்டுப் பவனி அதே நாளில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது.

வேண்டுதலுக்குப் பிறகும் நோய் வந்துவிட்டால் நஷ்டம் யாருக்கு? ரோமானியச் சட்டம் இதை நேராகவே எடுத்துக்கொண்டது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 3ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் உல்பியன், அவருக்கு வெகு காலம் முந்தைய சட்ட அறிஞர் செர்வியஸின் கருத்தை எடுத்துச் சொல்கிறார்: எதிர்த்து நிற்க முடியாத எந்தச் சக்தியால் இழப்பு வந்தாலும் அது நில உடைமையாளர் தலையில். ஆற்று வெள்ளம், கூட்டமாக வந்து விழுகிற காக்கையினப் பறவைகள், மைனாவினப் பறவைகள் இதில் அடங்கும். கருகல் நோய் ஆலிவ் காயைக் கெடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறான வெயில் சுட்டாலோ உடைமையாளர் நஷ்டம். ஆனால் புழுவாலோ களையாலோ பயிர் கெட்டால், அது நிலத்தின் வழக்கமான குறை, குத்தகைக்காரர்தான் சுமக்க வேண்டும். வழக்கத்துக்கு மீறியதா இல்லையா, இதுதான் கோடு. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு குடும்பத்தின் அடுத்த வருடச் சாப்பாடு இருந்தது. வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சம் வருகிற துரு வழக்கமானது என்று ஆகிவிட்டால் குத்தகைக்காரருக்குப் பேச வாயில்லை.

நடைமுறையில் இது எப்படி முடிந்தது என்பதற்கு, மேலே சொன்ன பிளினியின் சகோதரி மகன் இளைய பிளினி, 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அவருடைய குத்தகைக்காரர்கள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். காரணம் நோய் என்று அவர் சொல்லவில்லை. பெரிய தள்ளுபடிகள் கொடுத்தும் பாக்கி ஏறிக்கொண்டே போனது, கட்டி முடிக்கவே முடியாது என்று ஆனபின் விளைந்ததையும் மிச்சம் வைக்காமல் எடுத்துச் செலவழித்தார்கள். கடைசியில் அவர் பணக் குத்தகையை விட்டுவிட்டு, விளைச்சலில் பங்கு வாங்கிக்கொள்வது என்று முடிவெடுத்தார், நம் ஊர் வாரம் மாதிரி. மேற்பார்வைக்கு ஆள் போட வேண்டும், தொல்லை அதிகம் என்று அவரே எழுதுகிறார். ஆனால் அந்த ஏற்பாட்டில், துருவோ கருகலோ வந்து கதிர் சுருங்கிய வருடத்தில், உடைமையாளரின் பங்கும் தானாகவே சுருங்கியது.